மஸ்தான் பாயின் நான்கு பற்கள்

பல் பிடுங்கும் வேலையைக் கம்பவுண்டர்களிடமிருந்து எடுத்துவிட்டார்களாம். இனிமேல் அதற்கென்று படித்த டாக்டர்தான் வாயில் கை வைக்க வேண்டும் என்று உத்தரவு. அதை எதிர்த்து ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு, இப்போது வேலையில் இருக்கும் கம்பவுண்டர்கள் இருவர் போன வாரம் தண்டையார்ப்பேட்டையில் என் வீட்டுக்கு வந்தார்கள். முதல் கையெழுத்து என்னுடையதாக இருந்தால் மனுவுக்கு ஒரு கனம் வரும் என்று அவர்கள் எண்ணம். அதில் தப்பொன்றும் இல்லை. ராயபுரத்தில் பாதிப் பேர் வாய்க்குள் என் கை போய் வந்திருக்கிறது. ஆனால் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். பாவம், இருவருக்கும் முகம் சுண்டிப்போயிற்று. பென்ஷன் வாங்கியதும் பெரியவர் கட்சி மாறிவிட்டார் என்று டோல்கேட் பக்கம் பேசிக்கொள்வதாகக் கேள்வி. பேசட்டும். ஏன் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லித் தொலைப்பது என் சுபாவம்.

நான் கம்பவுண்டருக்குப் படித்த கதையெல்லாம் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று வருஷம் அரைத்தேன், கலக்கினேன், கட்டுப் போட்டேன், திட்டு வாங்கினேன், பரீட்சை தேறினேன். ராயபுரத்தில் கடற்கரைக்குப் போகிற தெருவில் ஒரு தர்ம டிஸ்பென்சரியில் போட்டார்கள். ஹார்பர் கூலிகள், ரயில்வே பிட்டர்கள், காசிமேட்டு மீன்காரர்கள், கிடங்குகளில் மூட்டை தூக்குகிறவர்கள், இவர்கள்தான் நம்மிடம் வருகிறவர்கள். காலையில் மிக்ஸ்சர் மருந்து வாங்குகிற வரிசை முடிந்ததும் பல் பிடுங்கும் வரிசை ஆரம்பமாகும்.

அந்த வரிசைக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. வந்தவர் எந்தப் பல்லின் மேல் விரலை வைக்கிறாரோ அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே மூத்த கம்பவுண்டர் சொல்லிக் கொடுத்தது இது. நாமாக ஒரு பல்லைத் தேர்ந்தெடுத்துப் பிடுங்கி, பிறகு வலி நிற்காமல் போனால் சண்டைக்கு வருவார்கள். அவர்களே காட்டினால் பழி நம்மேல் இல்லை. ஹார்பர்காரனுக்கோ அரை நாளுக்கு மேல் நேரம் கிடையாது. பல்லை எடு, போகவேண்டும் என்பான். பொறுத்துப் பார்க்கலாம் என்ற பேச்சே அங்கே எடுபடாது. அந்தச் சட்டம் எங்கள் இரு தரப்புக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

வேலை நடந்த விதத்தையும் சொல்கிறேன். கிழக்கு ஜன்னலுக்கு எதிரே தாழ்வான ஒரு முக்காலி. உட்காருகிறவரின் தலையை எங்கள் ஆஸ்பத்திரி ஆள் முனுசாமி பின்னால் நின்று தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வான். லவங்கத் தைலத்தில் நனைத்த பஞ்சைக் கொஞ்ச நேரம் வைப்போம். மரத்துப்போகிற ஊசி மருந்து அப்போது எங்களுக்கு எப்போதாவதுதான் வரும். பிடுங்குவது என்று பெயரே தவிர, முதலில் குறடு என்கிற இடுக்கியைப் பல்லின் கழுத்தைத் தாண்டிக் கீழே அழுத்த வேண்டும். பிறகு வெளிப்பக்கம் ஒரு சாய்ப்பு, உள்பக்கம் ஒரு சாய்ப்பு, மறுபடி வெளிப்பக்கம். அவசரம் கூடாது. எலும்பு இளகுவது கண்ணுக்குத் தெரியாது, மணிக்கட்டுக்குத்தான் தெரியும். இழுப்பதெல்லாம் கடைசியில். வேர் முறியாமல் எடுப்பதில் எனக்கு நல்ல பெயர். கைராசிக்காரர் என்று எண்ணூரிலிருந்துகூட ஆள் வருவார்கள். தலைக்கனம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், நிறையவே இருந்தது.

யுத்தம் முடிந்து சில வருஷம் கழித்துத்தான் மஸ்தான் பாய் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஹார்பரில் அவர் வேலை குரல் கொடுப்பது. கப்பலின் சரக்கு அறைக்கு மேலே, அதன் வாய் ஓரத்தில் நின்றுகொண்டு சரக்குத் தூக்கும் விஞ்ச் எந்திரத்தை ஓட்டுகிறவனுக்குச் சொல்ல வேண்டும். ‘ஆரியா’ என்றால் சரக்கை இறக்கு, ‘ஆவிஸ்’ என்றால் ஏற்று. விஞ்ச்காரனுக்குக் கீழே இருப்பது தெரியாது. கீழே மூட்டை அடுக்குகிறவர்களுக்கு மேலே நடப்பது தெரியாது. நடுவில் இருப்பது பாயின் தொண்டை ஒன்றுதான். கீழே இருக்கிற எட்டுப் பத்துப் பேர் உயிர் அதை நம்பித்தான் இருந்தது.

முக்காலியில் உட்கார்ந்து பெயர் சொல்ல வாயெடுத்தவர், ‘மஸ்’ என்றதோடு நின்றுவிட்டார். வலது கை கன்னத்தருகே போய், கன்னத்தைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. முகத்தின் வலது பாதி இழுத்துக்கொண்டது. வலது கண்ணிலிருந்து மட்டும் நீர் வழிந்தது. முனுசாமி பயந்து இரண்டடி தள்ளிப் போனான். பத்து எண்ணுவதற்குள் எல்லாம் விட்டுப்போய், ஒன்றுமே நடக்காததுபோல் மீதிப் பெயரைச் சொன்னார். வலி எப்படி என்று கேட்டேன். பழுக்கக் காய்ச்சிய கம்பியைக் காதோரத்தில் செருகித் தாடை வழியாக உருவுகிற மாதிரி என்றார். பேசினால் வருமாம். மென்றால் வருமாம். கடல் காற்று முகத்தில் அடித்தால் வருமாம். எல்லாவற்றையும்விட அவரை வாட்டியது வேறொன்று. தொழுகைக்கு முன்னால் ஒளு செய்யும்போது முகத்தில் தண்ணீர் பட்டதும் பிடித்துக்கொள்கிறதாம். பள்ளிவாசலில் ஹவுஸ் என்கிற தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் இரண்டு கையிலும் தண்ணீரை அள்ளி வைத்துக்கொண்டு, முகத்துக்குக் கொண்டுபோகத் துணிவில்லாமல் உட்கார்ந்திருப்பாராம். பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கிறார்களே என்று பள்ளிவாசலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

இவ்வளவும் சொன்னாரே, நான் என்ன செய்தேன்? எந்தப் பல் பாய் என்றேன். கீழ்வரிசையில் வலதுபக்கக் கடைவாய்ப் பல்லைக் காட்டினார். குறட்டின் காம்பால் தட்டினேன், துள்ளினார். போதாதா? எடுத்துவிட்டேன். பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. சொத்தை இல்லை, சீழ் இல்லை, இரண்டு வேரும் வெள்ளை வெளேரென்று முழுசாக இருந்தன. இப்படி ஆரோக்கியமான பல்லை ஏன் எடுத்தோம் என்று என் மரமண்டைக்குத் தோன்றவில்லை. அடேயப்பா, ஒரு இணுக்குகூட முறியாமல் வந்திருக்கிறதே என்று முனுசாமியிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

கேலிக்கூத்து என்னவென்றால், வலி நின்றுவிட்டது. ஒன்றரை மாதம் பாய்க்கு ஒரு தொந்தரவும் இல்லை. வழியில் பார்த்தால் சலாம் வைப்பார், கூட வருகிறவர்களிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்வார். பிறகு ஒருநாள் அதே வலியோடு வந்தார். பக்கத்துப் பல்லைக் காட்டினார், எடுத்தேன். அப்போது சில நாள் குறைந்தது. மூன்றாவது பல்லுக்கு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. நாலாவதை எடுத்தபோது, ரத்தம் துப்புவதற்குள்ளேயே அந்த முக்காலியிலேயே வலி பிடித்துக்கொண்டது. ஐயோ என்று மனசு அடித்துக்கொண்டதே தவிர, நாலும் நல்ல பல் என்ற விஷயத்தை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. முதல் பல்லுக்கு வலி நின்றதே, அது பொய்யா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஹார்பரில் அந்த விபத்து நடந்தது அதற்குப் பத்து நாள் கழித்து. மூட்டைக் கட்டு ஒன்று சரக்கு அறைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கிறது. பாதி இறங்கியதும் மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. பாய் ‘ஆவிஸ்’ என்று கத்த வாயைத் திறந்தார், வலி கவ்விக்கொண்டது, சத்தம் வரவில்லை. முன்னால் சொன்ன ‘ஆரியா’வையே நம்பி விஞ்ச்காரன் இறக்கிக்கொண்டே போனான். கீழே எல்லோரும் சிதறி ஓடினார்கள். ஒருவனுக்குப் பாதம் நசுங்கியது. உயிருக்கு ஒன்றுமில்லை என்பது யார் செய்த புண்ணியமோ. மேஸ்திரி கூட்டத்துக்கு நடுவில் பாயைக் குடிகாரன் என்றும், நடிப்புக்காரன் என்றும் ஏசி, இரண்டு வாரத்துக்குள் சரியாகி வராவிட்டால் வேறு ஆளைப் போடுகிறேன் என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையில் மஸ்தான் பாய் வந்து முக்காலியில் உட்கார்ந்து, விரலை எந்தப் பல்லின் மேலும் வைக்கவில்லை. “அந்தப் பக்கம் கீற எல்லாத்தையும் எட்துடு, கம்பவுண்டரே,” என்றார். நான் குறட்டை எடுத்தேன். சட்டம் சட்டம்தானே.

அப்போதுதான் டாக்டர் சேஷாசலம் உள்ளே வந்தார். எங்கள் டிஸ்பென்சரிக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் போக்கே தனி. நோயாளியை நிற்கவைத்துப் பேச மாட்டார். அவருக்குச் சமமாகத் தாழ உட்காருவார். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் முடிகிறவரை உதடு பிரிக்க மாட்டார். கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார்; மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். நாமாகவே குற்றத்தை ஒப்புக்கொள்கிறவரை துடைத்துக்கொண்டே இருப்பார். அதற்குத் திட்டு எவ்வளவோ மேல்.

அன்றைக்கு முனுசாமியை ஒரு மணைப்பலகை கொண்டுவரச் சொல்லி, பாய்க்கு எதிரே அதன் மேல் உட்கார்ந்தார். வாயைத் திறக்கச் சொல்லவில்லை. மூன்றே கேள்வி கேட்டார். எதனால் வருகிறது? எவ்வளவு நேரம் நிற்கிறது? தூக்கத்தில் எழுப்பிவிடுகிறதா? கண் மூடிவிட்டால் தொந்தரவு இல்லை, தூக்கம் வருவதுதான் பேஜாரு என்றார் பாய். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொத்தைப்பல் மனிதனைத் தூங்க விடாது என்பது எனக்குத் தெரியாதா என்ன? எத்தனையோ பேர் விடிய விடிய உட்கார்ந்திருந்து காலையில் சிவந்த கண்ணோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். இந்த ஒரு கேள்வியை நான் கேட்டதே இல்லை.

பிறகு பாயிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பஞ்சில் ஒரு இழையைத் திரித்து, கீழுதட்டின் வலது ஓரத்தில் தொட்டும் தொடாமலும் வைத்தார். அவ்வளவுதான், பாயின் முகம் இழுத்துக்கொண்டது. டாக்டர் மற்றொரு கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நேரம் பார்த்தார். வலி போனதும் இடது பக்கம் அதே பஞ்சை வைத்தார், ஒன்றும் இல்லை. எத்தனை பல் எடுத்தீர்கள் என்று என்னைக் கேட்டார். நாலு என்றேன். எப்படி இருந்தன என்றார். நான் குறட்டைப் பஞ்சால் துடைக்கத் தொடங்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

அன்று மத்தியானம் ஒரு காகிதத்தில் படம் போட்டு எனக்கு விளக்கினார். காதுக்கு முன்னால் ஆழத்தில் ஒரு நரம்பு மூன்று கிளையாகப் பிரிகிறது. ஒன்று நெற்றிக்கு, ஒன்று மேல் தாடைக்கு, ஒன்று கீழ்த் தாடைக்கு. தொடுவது, சூடு, குளிர்ச்சி எல்லாவற்றையும் மூளைக்குச் சொல்வது அதுதான். அந்த நரம்பே கெட்டுப்போனால், வாசலில் ஆளில்லாமலே மணி அடிக்கிற மாதிரி, காயம் இல்லாமலே வலி என்று சொல்லும். பல்லில் வலிப்பதுபோலவே இருக்கும், பல்லில் ஒன்றும் இருக்காது. ஏன் கெடுகிறது என்பது பெரிய பெரிய டாக்டர்களுக்கே இன்னும் சரியாகத் தெரியவில்லை என்றார். நான் முதல் பல்லைப் பற்றிக் கேட்டேன். இந்த நோய் சில வாரம் வரும், தானாகப் போகும், மறுபடி வரும். தானாகப் போகிற சமயம் பார்த்து நீங்கள் பல்லை எடுத்திருக்கிறீர்கள் என்றார். கைராசி!

ஒரு வாரம் மிக்ஸ்சர் கொடுத்துப் பார்த்தார், கேட்கவில்லை. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அந்த நரம்புக்குள் ஆல்கஹால் என்கிற சுத்தச் சாராயத்தை ஊசியால் ஏற்றி அதை மரக்கச் செய்கிற சிகிச்சை இருக்கிறது என்று கடிதம் எழுதி, பாயை அழைத்துப் போகும்படி என்னை அனுப்பினார். டாக்டர் அதன் குறையையும் பாயிடம் மறைக்கவில்லை. வலி போகும், ஆனால் கூடவே தாடையும் பாதி உதடும் நாக்கில் ஒரு பக்கமும் மரத்துவிடும். கன்னத்தைக் கடித்தாலும் தெரியாது. ஒரு வருஷமோ கொஞ்சம் கூடவோ கழித்து வலி திரும்பவும் வரலாம். பாய் கேட்டது ஒன்றுதான்: “குரலு போயிடுமா?” போகாது என்றார் டாக்டர். அப்படியானால் சம்மதம் என்றார் பாய்.

அங்கே சர்ஜன் பாயைப் படுக்கவைத்தார். எனக்குக் கொடுத்த வேலை தலையைப் பிடித்துக்கொள்வது. எத்தனையோ தலையை முனுசாமியை விட்டுப் பிடிக்கவைத்தவன், அன்றைக்குத்தான் ஒரு தலை எவ்வளவு நடுங்கும் என்று கையால் தெரிந்துகொண்டேன். காதுக்கு முன்னால், கன்ன எலும்புக்குக் கீழே மையால் ஒரு புள்ளி வைத்தார். நீளமான ஊசி, அதில் ஆழம் காட்டும் கோடுகள். தோலை மட்டும் முதலில் மரக்கவைத்துவிட்டு, எலும்பில் முட்டும்வரை செலுத்தி, கொஞ்சம் பின்னுக்கு வாங்கி, கோணத்தை மாற்றி மறுபடி உள்ளே விட்டார். மயக்கம் கொடுக்க முடியாது. எங்கே வலிக்கிறது என்று நோயாளிதான் சொல்லியாக வேண்டும். திடீரென்று பாய் உடம்பெல்லாம் விறைத்து, கீழுதட்டில் வலிக்கிறது என்றார். நரம்பு கிடைத்துவிட்டது என்று சர்ஜனுக்குச் சந்தோஷம். மரக்கும் மருந்து கொஞ்சம் போனது. பிறகு சாராயம், சொட்டுச் சொட்டாக. நடுநடுவே குண்டூசியால் தாடையைக் குத்திக் குத்திக் கேட்டார். கடைசியில் ரத்தம் துளிர்க்கிற அளவு குத்தியும், எப்போது குத்தப் போகிறீர்கள் என்று கேட்டார் பாய்.

இரண்டு மணி நேரம் படுக்கவைத்திருந்து, பிறகு போகச் சொன்னார்கள். வராந்தாவில் ஒரு குழாய் இருந்தது. பாய் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். கையில் தண்ணீர் பிடித்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தில் அடித்தார். நின்றார். மறுபடி அடித்தார். மூன்றாவது தடவை நெற்றியிலிருந்து தாடைவரை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்தார். சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதைச் சொல்ல வெட்கமில்லை.

டிராமில் திரும்பும்போது இதற்குமேல் மனசில் வைத்திருக்க முடியாது என்று ஆகிவிட்டது. பாய், நான் எடுத்த நாலும் நல்ல பல், முதல் பல்லைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், மன்னித்துவிடு என்றேன். ராயபுரம் முழுக்க என் மானத்தை வாங்கினாலும் வாங்கட்டும் என்று துணிந்துதான் சொன்னேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, மரத்த உதட்டால் கொஞ்சம் குழறலாக, “ரெண்டாவது பல்லுலயே எனுக்குத் தெரியும்,” என்றார்.

தெரிந்துமா வந்தாய் என்றேன்.

“மேஸ்திரிகிட்ட காட்றதுக்கு எங்கிட்ட இன்னா கீது, சொல்லு? ஜுரம்னா தொட்டுப் பாப்பான். கால் ஒட்ஞ்சா வீங்கிக்கினு இருக்கும். இந்த நோவு வர்றப்ப பத்து எண்றதுக்குள்ள போயிடுது. நடிக்கிறான்றான். வூட்ல கூட அப்டித்தான் நென்ச்சிக்கினு இருந்தாங்கோ. ரத்தத்தோட ஒரு பல்லக் கொண்டுபோயி கைல வெச்சேன்னா நம்புறான். வேலைய வுட்டு எட்க்க மாட்டான். அதான் வந்துகினே இருந்தேன்.”

வலி போகும் என்று நம்பி அவர் வந்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வலி இருக்கிறது என்று ஊராரை நம்பவைக்க அவர் தம் பல்லை ஒவ்வொன்றாகக் கொடுத்திருக்கிறார். அதற்கு ஒரு குறடு வேண்டியிருந்தது, நான் இருந்தேன்.

மறுநாள் டாக்டர் நோயின் பெயரை எழுதிச் சீட்டுக் கொடுத்தார். நானே பாயோடு ஹார்பருக்குப் போனேன். மேஸ்திரி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆபீஸ் ரைட்டரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். ‘ட்ரைஜெமினல் நியூரால்ஜியா’ என்று ரைட்டர் தட்டுத்தடுமாறிப் படித்து முடித்தார். இத்தனை நீளமாகப் பெயர் இருந்தால் நோய் நிஜமாகத்தான் இருக்கும் என்று மேஸ்திரி ஒப்புக்கொண்டார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பாய் மறுபடி தம் இடத்தில் நின்றார். குரலோடு கையையும் தூக்கிக் காட்டும் பழக்கத்தை அவரே ஏற்படுத்திக்கொண்டார். கையும் குரலும் சேர்ந்து வராவிட்டால் விஞ்சை நிறுத்திவிட வேண்டும் என்று விஞ்ச்காரனிடம் ஏற்பாடு. பாதம் நசுங்கியவனும் கொஞ்ச நாளில் தேறி, அதே சரக்கு அறையில் இறங்கினான்.

பல் வரிசையில் அன்றிலிருந்து நான் முதலில் தூக்கத்தைப் பற்றித்தான் கேட்டேன். சந்தேகம் வந்தால் குறட்டைத் தொடாமல் டாக்டரிடம் அனுப்பினேன். அப்படி அனுப்பியவர்களில் பல பேர் என்னைத் திட்டிவிட்டு வேறிடத்துக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டார்கள். அது வேறு கதை.

ஒன்றரை வருஷம் போயிருக்கும். ஒரு காலையில் மஸ்தான் பாய் வரிசையில் நின்றிருந்தார். அவர் முறை வந்ததும் முக்காலியில் உட்கார்ந்தார். கை கன்னத்தருகே அந்தரத்தில் நின்றது. வலி விட்டதும், பழக்கதோஷத்தில் தலையைப் பின்னால் சாய்த்து, மீதிப் பல் தெரிய வாயைத் திறந்து வைத்துக்கொண்டார்.

“மூடிக்கோ பாய்,” என்றேன். “நான் பார்க்க வேண்டாம். வலிக்குதுன்னு நீ சொன்னா போதும்.”

அவர் வாயை மூடவில்லை. நான் டாக்டர் அறைக்குப் போய் நோயின் பெயரோடு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்த பிறகுதான் மூடினார்.